மூன்று சீசனும் போய்விட்டது, தீபாவளிக்கு மறுபடி கடன் எடுத்து இறங்கலாமா?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று முதலில் அதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன்.

உங்களுக்கு 21 வயது. வெல்லம்பிட்டியில் வாடகை வீடு. அப்பா புறக்கோட்டையில் நாட்டாமி, மூட்டை தூக்கும் வேலை. சீசன் வந்தால் மட்டும் குடும்பமே நடைபாதையில் கட்டில் போட்டு, அதில் சரக்குப் பரப்பி விற்கும்: சித்திரைக்கு உடுப்பு, வெசாக்குக்கு விளக்குக் கூடு, தீபாவளிக்கு மறுபடி உடுப்பு, நத்தாருக்கு சோடனைச் சாமானும் விளையாட்டுப் பொருளும். போன நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு களனி கங்கை பெருகி வீட்டுக்குள் வந்தபோது, நத்தாருக்கு வாங்கி வைத்த சரக்கு முழுவதும் நனைந்துபோனது. சித்திரையில் அப்பா தறப்பாள் கட்ட ஸ்டூலில் ஏறி விழுந்து கையை முறித்துக்கொண்டார். வெசாக் நேரம் வழமையாகக் கட்டில் போடும் இடமே இல்லாமல் போனது. இப்போது சரக்கு எடுத்த மொத்த வியாபாரக் கடைக்கு 2,40,000 ரூபாய் பாக்கி, வட்டிக்காரரிடம் ஒரு இலட்சம், அம்மாவின் சங்கிலி வங்கியில் ஈட்டில். வீட்டில் ஏழரைச் சனி என்கிறார்கள். பரிகாரத்துக்கு ஒருவர் 85,000 ரூபாய் கேட்டிருக்கிறார். போன செப்டெம்பரில் அண்ணி வந்தார், ‘அவள் கால் வைத்த நேரம்’ என்று பெரியம்மா சொல்லத் தொடங்கி, இப்போது அம்மாவும் அதையே சொல்கிறார். தீபாவளிக்கு இன்னொரு மூன்று இலட்சத்துக்கு இறங்கலாமா என்று கேட்கிறீர்கள்.

புறக்கோட்டையில் மொத்த வியாபாரக் கடை ஒன்றில் 23 வருடம் கணக்கு எழுதியவன் நான். அதற்கு முன் என் அம்மாவும் நடைபாதையில் சீசன் கட்டில் போட்டவர்தான். அதனால் இரண்டு பக்கமும் தெரியும்.

அண்ணி விஷயத்தை முதலில் எடுக்கிறேன். கேள்வியில் அதைக் கடைசியில்தான் எழுதியிருந்தீர்கள், ஆனால் உங்களை அரிப்பது அதுதான் என்று விளங்குகிறது.

நான் ஒன்பதாம் வகுப்பு படித்த வருடம், தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது பின்னேரம் மழை பிடித்தது. எங்கள் தறப்பாளின் ஒரு நுனி விளக்குக் கம்பத்தில், மற்ற நுனி கடையின் ஷட்டர் கொளுக்கியில். நடுவில் தண்ணீர் தேங்கி மாட்டு வயிறு மாதிரித் தொங்கியது. தண்ணீரை வெளியே தள்ளிவிடுவோம் என்று நான் கீழே நின்று தும்புத்தடிக் காம்பால் நிமிர்த்தினேன். அது வெளிப்பக்கம் போகவில்லை. கட்டில் பக்கம் சாய்ந்து, அடுக்கி வைத்த சட்டைக் குவியலின் மேல் அப்படியே கொட்டியது. மேலே இருந்தது சிவப்பு ஃபிராக். மலிவுச் சாயம். கீழே இருந்த வெள்ளை ஃபிராக் எல்லாவற்றிலும் ரத்தம் மாதிரி இறங்கிவிட்டது. மாமா எல்லோருக்கும் முன்னால் ‘இவன் கை பட்டாலே தரித்திரம்’ என்றார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவு கொட்டாஞ்சேனை வீட்டில் வாளியில் உப்புத் தண்ணீர் வைத்து ஒவ்வொன்றாக அலசி, விடியும் வரை ஸ்திரிக்கை போட்டு, அடுத்த நாள் பாதி விலைக்கு விற்றார். மாமா சொன்னதை நான் முப்பது வயது வரைக்கும் நம்பினேன் தம்பி. கடை திறக்கும்போது முதல் ஆளாக உள்ளே போகமாட்டேன், யாராவது போகட்டும் என்று வாசலில் நிற்பேன். ஒரு சொல் அவ்வளவு தூரம் வரும்.

அடுத்த வருடம் அம்மா தறப்பாளை ஒரு பக்கம் உயர்த்தி, மறுபக்கம் தாழ்த்திச் சரிவாகக் கட்டினார். வெளியே வைப்பது பாதிச் சரக்கு, மீதி உரப்பைக்குள் பொலித்தீனில் சுற்றிக் கட்டிலுக்குக் கீழே. சாயம் போகும் துணியைக் குவியலின் அடியில் வைத்தார். அந்த வருடமும் மழை பெய்தது. நானும் அங்கேதான் நின்றேன்.

உங்கள் அண்ணிக்கு 25 வயது என்று எழுதியிருக்கிறீர்கள். 2016 மே மாதம் களனி கங்கை பெருகி இதே வெல்லம்பிட்டியும் கொலன்னாவையும் மூழ்கியபோது அவருக்குப் பதினைந்து. அவர் உங்கள் வீட்டு வாசலைக் கண்டிருக்கவும் மாட்டார். அந்தப் பக்கம் தாழ்ந்த நிலம், கங்கை பெருகினால் வரும். நீங்கள் அந்த வீட்டில் தரையோடு தரையாகச் சரக்கு வைத்திருந்தீர்கள். அதுதான் நடந்தது.

இன்னும் யோசியுங்கள். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புக்குப் பிறகு அந்த வருட வெசாக்கும் நோன்புப் பெருநாளும் புறக்கோட்டையில் செத்துப்போன சீசன். 2020 மார்ச் 20 ஊரடங்கு வந்தது, சித்திரை வியாபாரம் போயிற்று. அந்த வருடமே ஒக்டோபரில் கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ், முகத்துவாரம், வெல்லம்பிட்டி எல்லாம் மறுபடி மூடப்பட்டன, தீபாவளி போயிற்று. 2021 வெசாக்குக்கு நாடு முழுக்கப் பயணத்தடை. 2022 சித்திரை நேரம் டீசலும் இல்லை, கரண்டும் இல்லை. நடைபாதையில் நின்ற அத்தனை குடும்பத்துக்கும் ஒரே நேரத்தில் மருமகள் வந்தாளா?

ஏழரைச் சனிக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். நானும் சனிக்கிழமை எள் எண்ணெய் விளக்கு வைக்கிறவன்தான், நக்கல் அடிக்கவில்லை. சனி இப்போது மீனத்தில். கும்பம், மீனம், மேடம் மூன்று ராசிக்கும் ஏழரை. எந்த நாளை எடுத்தாலும் பன்னிரண்டில் மூன்று ராசிக்கு ஏழரை நடந்துகொண்டுதான் இருக்கும். ஐந்து பேர் உள்ள ஒரு வீட்டில் ஒருவருக்காவது அது இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 76. அதோடு அட்டமச் சனி, கண்டகச் சனி என்று சேர்த்தால் தப்பும் வீடு கொழும்பில் தேடினாலும் கிடைக்காது. ஆகவே ‘உங்கள் வீட்டில் ஒருவருக்குச் சனி’ என்று சொல்ல ஜாதகம் தேவையில்லை. அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போய் விளக்கு வையுங்கள், அவருக்கு மனம் ஆறும், செலவு சில நூறு ரூபாய். அந்த 85,000 மட்டும் வேண்டாம். கடன்பட்ட வீட்டில் கேட்கிற தொகையா அது?

சரி, இனி வியாபாரத்துக்கு வருவோம்.

மழையும் வெள்ளமும் கை முறிவும் உங்களை இந்த நிலைக்குக் கொண்டுவந்தன என்று நினைக்கிறீர்கள். என் பார்வையில் உங்களைக் கவிழ்த்தது, நீங்கள் சரக்கு எடுத்த பேச்சு. முழுச் சரக்கும் உங்கள் பொறுப்பு, திரும்பல் கிடையாது, அதாவது விற்காததைத் திருப்பிக் கொடுக்க முடியாது, பண்டிகை முடிந்து பத்தாம் நாள் முழுக் காசு. இப்படி எடுத்தால் எது நடந்தாலும் முழு அடியும் உங்கள் மேல்தான் விழும்.

மூன்று இலட்சத்துக்கு உடுப்பு எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். நூற்றுக்கு 25 வைத்து விற்றால், முழுக்க விற்றால் வருவது 3,75,000. மழையால் நூற்றுக்கு எழுபதுதான் விற்றது என்றால் கையில் 2,62,500. கடைக்குக் கொடுக்க வேண்டியது 3,00,000. ஆக 37,500 குறைகிறது, அதை வட்டிக்காரரிடம் எடுத்தால் மாதம் நூற்றுக்குப் பத்து வட்டி அதற்கு மேல். நூற்றுக்கு எண்பது விற்றால்கூட அசல்தான் வரும், நாலு வாரம் நின்ற கூலி இல்லை.

இப்போது அதே மூன்று இலட்சம், அதே மழை, அதே எழுபது. ஆனால் பேசும்போது ‘விற்காததை, எடுத்த சரக்கில் நூற்றுக்கு முப்பது வரை, பண்டிகை முடிந்து மூன்று நாளுக்குள் திருப்பித் தருவோம்’ என்று எழுதி எடுத்திருக்கிறீர்கள். 90,000 பெறுமதி திரும்பிப் போகிறது. கொடுக்க வேண்டியது 2,10,000. கையில் 52,500 நிற்கும். திரும்பல் வசதிக்காக முதலாளி விலையில் நூற்றுக்கு ஐந்து கூட்டினாலும் 42,000 நிற்கும். வானம் ஒன்றுதான், பேச்சுத்தான் வேறு.

‘முதலாளி இதற்கு ஒத்துக்கொள்வாரா?’ என்று கேட்பீர்கள். எல்லாச் சரக்குக்கும் ஒத்துக்கொள்ள மாட்டார். மினுக்கம் வைத்த பண்டிகை ஃபிராக்கை எந்த முதலாளியும் திரும்ப எடுக்க மாட்டார், அது தீபாவளி முடிந்த காலையில் செத்த சரக்கு. சாரம், துவாய், பெனியன், வெள்ளைப் பாடசாலைச் சட்டைத் துணி, சின்னப்பிள்ளைகளின் கால்சட்டை என்றால் எடுப்பார், அது அவருக்கு வருடம் முழுக்க ஓடும். இங்கேதான் உங்கள் வீட்டின் பழைய பிழை இருக்கிறது. வெசாக் கூடு போயாவுக்கு அடுத்த நாள் கடதாசி. நத்தார்ச் சோடனை 26ஆம் திகதி குப்பை. நாலு சீசனில் இரண்டுக்கு நீங்கள் எடுப்பது அடுத்த நாள் விலையே இல்லாத சரக்கு. லாபம் கூட என்று எடுக்கிறீர்கள், அது உண்மைதான், ஆனால் அந்த லாபம் ஏன் கூட என்று பாருங்கள். சரக்கு எடுக்கும்போது ஒரே கேள்வி: பண்டிகை முடிந்த காலையில் இதற்கு என்ன விலை? பாதிக்காவது போகாது என்றால் மொத்தத்தில் கால் பங்குக்கு மேல் எடுக்காதீர்கள்.

மழையைப் பற்றியும் சும்மா விதி என்று இருக்க வேண்டாம். கொழும்பில் சராசரி மழை மே, ஒக்டோபர், நவம்பர் மூன்று மாதமும் ஒவ்வொன்றும் 350 மில்லிமீற்றருக்கு மேல். டிசம்பரில் அதில் பாதி அளவுதான். அதுவும் ஒக்டோபர், நவம்பர் மழை பின்னேரம் இடியோடு வரும், வேலை முடிந்து ஆட்கள் துணி பார்க்க வரும் அதே நேரம். ஆக வெசாக்கும் தீபாவளியும் மழைச் சீசன். மழை வராத தீபாவளிதான் அதிர்ஷ்டம். வருவது என்று வைத்தே கணக்குப் போட வேண்டும்.

இந்த வருடம் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. இதில் உங்களுக்கு ஒரு நல்லதும் இருக்கிறது. சம்பளம் கைக்கு வந்து ஒரு வாரம் பத்து நாளில் பண்டிகை. கடைகளில் வேலை செய்யும் மலையகப் பிள்ளைகள் ஹட்டன், நுவரெலியா, பதுளைப் பக்கம் வீட்டுக்குப் போக 6ஆம் திகதி வெள்ளிக்கிழமை இரவே பஸ் ஏறிவிடுவார்கள். ஏறுமுன் அம்மாவுக்கு ஒரு சேலை, தம்பிக்கு ஒரு சட்டை என்று அவசரமாக வாங்குகிறவர்கள் அவர்கள்தான், பேரம் பேச நேரமில்லாதவர்கள். ஆகவே 5, 6 இரண்டு மாலையும் பஸ் நிலையப் பக்கம் நிற்கப் பாருங்கள். 7ஆம் திகதி கொழும்பு ஆட்கள், அது கொட்டாஞ்சேனை, ஜம்பட்டா வீதிப் பக்கம் நல்லது. நான் பார்த்த வரைக்கும் கடைசி நாலு மாலையில்தான் பாதி வியாபாரம். ஒரு மாதத்துக்கு முன்பே முழுச் சரக்கையும் எடுத்து வீட்டில் அடுக்கி வட்டி கட்டுவதில் அர்த்தமில்லை. ஒக்டோபர் நடுவில் மூன்றில் ஒரு பங்கு, போகிற போக்கைப் பார்த்து மீதி. ஒரே தடவையில் எடுத்தால் விலை கொஞ்சம் குறையும்தான், அந்தக் குறைச்சலை மழை ஒரே பின்னேரத்தில் தின்றுவிடும்.

அதாவது, இறங்கலாம். மூன்று இலட்சத்துக்கு அல்ல, ஒரு இலட்சம் ஒன்றரை இலட்சத்துக்கு. திரும்பல் பேச்சு இருந்தால் மட்டும். வட்டிக் காசு ஒரு சதமும் அதில் போடக்கூடாது. திரும்பல் கிடைக்கவில்லை என்றால் இந்தத் தீபாவளியை விட்டுவிடுங்கள். சீசனுக்குப் பெரிய உடுப்புக் கடைகள் ஆள் எடுக்கும், நீங்களும் அண்ணனும் ஆறு வாரம் சம்பளத்துக்கு நில்லுங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

இடம் விஷயம். ‘60,000 தந்தால் இடம் பிடித்துத் தருகிறேன்’ என்று ஒருவர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். நடைபாதை யாருடைய சொத்தும் இல்லை, அவர் கடதாசியும் தரமாட்டார். கொடுக்காதீர்கள். வாசல் அகலமான சின்னக் கடை ஏதாவது, தன் வியாபாரம் படுத்துக் கிடப்பது, நாலு வாரத்துக்கு வாசலைப் பகிரத் தருமா என்று கேளுங்கள். கூரையும் கிடைக்கும், அப்பா ஸ்டூலில் ஏறவும் தேவையில்லை.

கடனை எந்த ஒழுங்கில் அடைப்பது? உங்கள் வீட்டில் நடப்பது, யார் கூடச் சத்தம் போடுகிறாரோ அவருக்கு முதலில். வட்டிக்காரர் சத்தம் போடுபவர், அவருக்கு மாதம் பத்தாயிரம் வட்டி போகிறது, ஒரு இலட்சம் ஒரு இலட்சமாகவே நிற்கிறது. பத்து மாதத்தில் கொடுத்தது அசல் அளவாகிவிடும். அவருக்கு வட்டி மட்டும் கொடுப்பதை நிறுத்தி அசலை முறிப்பதுதான் முதல் வேலை. அதற்கு அம்மாவின் மற்ற வளையலை வங்கியில் ஈடு வைத்தாலும் பரவாயில்லை என்பேன், வங்கி ஈட்டு வட்டி இதன் பக்கத்தில் வராது. ஏற்கெனவே இருக்கும் சங்கிலிக்குத் தவணைத் திகதியைப் பார்த்து வட்டியைக் கட்டிப் புதுப்பித்துவிடுங்கள், ஏலத்துக்கு விடாதீர்கள். அம்மா கட்டும் சீட்டை உடைக்க வேண்டாம், வட்டியில்லாமல் கிடைக்கும் காசு உங்களுக்கு அது ஒன்றுதான்.

அப்பாவின் வங்கி அட்டையை வட்டிக்காரர் வைத்திருக்கிறார் என்று ஒரு வரியில் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். அது போகிற போக்கில் சொல்லும் விஷயம் இல்லை. அப்பாவை வங்கிக்குக் கூட்டிப்போய் அந்த அட்டையை நிறுத்தி வேறு எடுங்கள். கடனைக் கட்டமாட்டோம் என்று சொல்லத் தேவையில்லை, கட்டுவோம், அட்டை தரமாட்டோம். மிரட்டினால் புதுக்கடை நீதிமன்ற வளாகத்தில் சட்ட உதவி ஆணைக்குழுவின் தலைமை அலுவலகம் இருக்கிறது, வருமானம் குறைந்தவர்களுக்கு உதவுவார்கள். அளவுக்கு மிஞ்சிய வட்டியை நீதிமன்றம் மறுபடி திறந்து பார்க்க 1918ஆம் ஆண்டிலிருந்தே இங்கே சட்டம் இருக்கிறது. நீங்கள் வழக்குக்குப் போகவேண்டும் என்பதில்லை, இது தெரிந்தவர் என்று அவருக்குத் தெரிந்தாலே குரல் இறங்கும்.

வெள்ள நிவாரணத்தில் வீடு துப்புரவாக்க அறிவித்த 25,000 ரூபாய் உங்களுக்குக் கிடைத்ததா என்று எழுதவில்லை. வாடகை வீடு என்பதால் நீங்களாகவே கேட்காமல் விட்டிருந்தால், கிராம சேவகரிடம் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். சரக்கு நட்டத்துக்குக் காட்ட உங்களிடம் ஒரு கடதாசியும் இல்லை. வியாபாரத்துக்கு ஒரு பெயர் வைத்துப் பிரதேச செயலகத்தில் பதிந்துகொள்ளுங்கள், அடுத்த தடவை பில்லோடு போய் நிற்கலாம்.

மிச்சம் மொத்தக் கடை முதலாளி. 2,40,000 பாக்கி வைத்துக்கொண்டு அந்தத் தெருவால் போகாமல் சுற்றிப் போகிறீர்கள், இல்லையா? கணக்கு எழுதியவன் சொல்கிறேன், காசு தராதவனை முதலாளி மறப்பார், முகம் காட்டாதவனை மறக்க மாட்டார். வெள்ளத்தில் நனைந்த சரக்கு என்று அவருக்குத் தெரியும், அவருடைய லொறியும் நனைந்திருக்கும். மாதம் பத்தாயிரம், பதினைந்தாயிரம் என்று முடிந்த தொகையை நீங்களே சொல்லி, முதல் தவணையைக் கையில் கொண்டுபோய், அதை எழுதிய பிறகு தீபாவளித் திரும்பல் பேச்சை எடுங்கள். திங்கட்கிழமை வேண்டாம், செக் நாள், அவர் முகம் கடுகடு என்று இருக்கும். வெள்ளி ஜும்ஆவுக்குப் போவார். செவ்வாய் பத்து மணிக்குப் போங்கள், பிளேன்டி நேரம்.

அண்ணி கல்யாணத்துக்கு முன் உடுப்புக் கடையில் காசாளராக இருந்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் உங்கள் வீட்டில் பில் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவர். இவ்வளவு நாளும் கணக்கு எல்லாம் அப்பாவின் தலைக்குள் இருந்திருக்கிறது. ஒரு சி.ஆர். கொப்பி வாங்கி அவரிடம் கொடுங்கள், எடுத்தது, விற்றது, திரும்பியது என்று மூன்று கோடு போட்டு எழுதட்டும். செவ்வாய்க்கிழமை அந்தக் கொப்பியோடு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அம்மாவும் வரட்டும், முதலாளியோடு அண்ணி பேசுவதைப் பக்கத்தில் இருந்து கேட்கட்டும்.